60 கிரேயும் ஒரு படிக்கல்லும்: மலையக வைத்தியசாலையொன்றின் கதிர் அளவீட்டுச் சேவை பற்றிய மதிப்பீடு

சென்ற ஆண்டு ஆறு வாரங்களுக்கு மேலாக என் அப்பாவை அழைத்துக்கொண்டு மலையக நகரமொன்றிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் கதிர்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்வந்தேன். கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து காயம் ஆறிய பின்னர், திங்கள் முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு 2 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) வீதம் 30 தடவைகளில் மொத்தம் 60 கிரே கதிர் கொடுக்க வேண்டும் என்று வைத்தியர் தீர்மானித்திருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதற்குக் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று பெயர். வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று ஐம்பது வருடம் மென்ற வாய்க்கு இந்த நோய் வந்ததில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எவருக்கும் வியப்பிருக்கவில்லை. எங்களுக்கு முன்னரே அந்த வரிசையிலிருந்து இருவர் இதே வழியாகப் போய்வந்திருந்தார்கள்.

இந்த மதிப்பீட்டை வைத்தியசாலை முழுவதையும் பற்றியதாக நான் எழுதவில்லை. கழிவறையைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதற்கே தனிக் கட்டுரை வேண்டும். வைத்தியர் எழுதிய 60 கிரே உண்மையில் 60 கிரேயாகத்தான் அப்பாவின் கன்னத்துக்குள் போய்ச் சேர்ந்ததா, அதை யார், எந்தக் கருவியால், எத்தனை முறை அளந்து பார்த்தார்கள் என்ற ஒன்றை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். நிறையும் குறையும் கலந்தே சொல்ல வேண்டியிருப்பதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அப்பாதான். அவர் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த காலத்தில், கொழுந்து மடுவத்தில் தராசைத் தொங்கவிட்டதும் 10 கிலோ படிக்கல்லை மாட்டிப் பார்க்காமல் எவருடைய கொழுந்தையும் நிறுக்க விடமாட்டார். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கும் கிலோக்களைப் பற்றிய சண்டை வேறு. தராசே பொய் சொன்னால் சண்டை போடவும் இடமிருக்காது என்பது அவருடைய கணக்கு. சிகிச்சைக்குக் கையொப்பம் வாங்கிய நாளில், 60 என்ற எண்ணைக் கேட்டவுடன், வீங்கிய வாயால் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “இதுக்குப் படிக்கல்லு எது, தம்பி?” நான் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் கற்பிப்பவன். இருந்தும் அன்று என்னிடம் விடை இருக்கவில்லை.

கேள்வி எவ்வளவு நியாயமானது என்பது பிறகு கணக்குப் போட்டபோது தெரிந்தது. ஒரு கிரே என்பது ஒரு கிலோகிராம் திசு ஒரு யூல் சக்தியை உறிஞ்சிக்கொள்வதாகும். அப்பாவுக்கு ஒரு நாளில் கொடுத்த 2 கிரே, அது விழுந்த சதையைச் சூடாக்கும் அளவு ஒரு பாகை செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊசி குத்தினால் வலிக்கும், மாத்திரை கூடினால் குமட்டும். கதிர் கூடினாலும் குறைந்தாலும் மேசையில் படுத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. கூடியிருந்தால் வாரங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ புண்ணாகவும் எலும்பு அரிப்பாகவும் தெரியவரும். குறைந்திருந்தால் நோய் திரும்பி வந்து சொல்லும். அளவில் 5 வீதத்துக்கு மேல் பிழை இருக்கக்கூடாது என்பது 1976ஆம் ஆண்டிலிருந்தே கதிர் அலகுகளுக்கான சர்வதேச ஆணைக்குழு சொல்லிவரும் வரையறை. 60 கிரேயில் அது வெறும் 3 கிரே. அந்த மூன்று கிரேயை நோயாளரால் காவல் காக்க முடியாது. கருவிகளும் அவற்றைக் கையாளுபவர்களும்தான் காக்க வேண்டும்.

பிரிவில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று கோபால்ட் என்ற கதிரியக்க உலோகத்திலிருந்து கதிர் தரும் பழைய இயந்திரம்; மற்றது எல்லோரும் ‘லினாக்’ என்று அழைக்கும், மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் ஆர்முடுக்கி. அப்பாவுக்கு லினாக்கில், 6 மெகாவோல்ட் எக்ஸ் கதிரில், முன்பக்கச் சாய்விலிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றுமாக இரு கற்றைகள் திட்டமிட்டிருந்தார்கள். இயந்திரத்தின் தலைக்குள்ளேயே கதிரை எண்ணும் இரண்டு அயனாக்க அறைகள் இருக்கின்றன. அவை எண்ணுவது ‘மொனிட்டர் யூனிட்’ என்ற அலகில். வழக்கமான நிலைமையில் 100 அலகு ஒரு கிரேக்குச் சமமாக இருக்கும்படி சரிசெய்து வைத்திருப்பார்கள். முதலாவது அறை எண்ணத் தவறினால் இரண்டாவது கதிரை நிறுத்திவிடும். எனவே சாதாரணமாகக் கேட்டால், “மெஷினே எண்ணிக்கொள்ளும், பயப்படாதீங்க” என்பதுதான் கிடைக்கும் பதில். எங்களுக்கும் முதல் வாரத்தில் கிடைத்தது அதுதான். தராசு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் என்று சொல்வதைப் போன்றது அது; அப்பா தலையை அசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உண்மையில் அங்கே நடப்பது அந்தப் பதிலைவிட எவ்வளவோ மேலானது. காலையில் முதல் நோயாளரைக் கூப்பிடுவதற்கு முன்னர், தடித்த பலகை போன்ற ஒரு சோதனைக் கருவியை மேசையில் வைத்து, குறித்த எண்ணிக்கை மொனிட்டர் யூனிட்டைக் கொடுத்து, வரவேண்டிய எண் வருகிறதா என்று பார்க்கிறார்கள். 3 வீதத்துக்கு மேல் விலகினால் அன்றைய சிகிச்சை தொடங்காது. மாதத்துக்கொரு முறை இன்னும் கடுமையான சோதனை. அங்கே அனுமதிக்கும் விலகல் 2 வீதம். வருடாந்தச் சோதனையில் 1 வீதம். இந்த எல்லைகள் அந்த வைத்தியசாலை தானாக வகுத்துக்கொண்டவை அல்ல, உலகம் முழுவதும் பின்பற்றுபவை. ஆயினும் அவற்றை எழுதி வைப்பது வேறு, நாற்பது நோயாளர் வெளியில் காத்திருக்கும் காலையில் கடைப்பிடிப்பது வேறு. கடைப்பிடித்தார்கள் என்பதற்கு நானே சாட்சி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்பா கேட்ட படிக்கல்லை நான் கண்டது இரண்டாவது வாரத்தில். அந்தப் பிரிவின் மருத்துவ பௌதிகவியலாளர் ஒரு சிங்களப் பெண்மணி. நான் விஞ்ஞான ஆசிரியர் என்று அறிந்ததும், மாலையில் வேலை முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். சுண்டுவிரல் பருமனில் ஒரு சிறு குழல், அதற்குள் 0.6 கன சென்ரிமீற்றர் காற்று. கதிர் அந்தக் காற்றை அயனாக்கும்போது பிறக்கும் மின்னேற்றத்தை ஒரு மின்மானி அளக்கிறது. தொட்டியில் நீர் நிரப்பி, நீரில் அந்தக் குழலை 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் அமிழ்த்தி, இயந்திரத்தின் உண்மையான வெளியீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். மனித உடலின் பெரும்பகுதி நீர் என்பதால் நீர்தான் இங்கே உடலுக்குப் பதிலாள். அந்தக் குழலுக்கு, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் நியம ஆய்வுகூடமொன்றின் சான்றிதழ் இருக்கிறது. ஒரு குறித்த மின்னேற்றம் எத்தனை கிரே என்பதை அந்தச் சான்றிதழ் சொல்கிறது. அந்தச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக மேலே போய்ச் சர்வதேச நியமத்தில் முடிகிறது. இதற்கான வழிமுறையைச் சர்வதேச அணுசக்தி முகமை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2024இல் திருத்தியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் மலைநாட்டுக்கே உரிய ஒரு சங்கதி வருகிறது. எனக்கு இந்த ஆறு வாரங்களில் மிகவும் பிடித்த பாடமும் அதுவே. அந்தக் குழல் மூடியதல்ல. அதன் உள்ளே இருக்கும் காற்று வெளிக் காற்றோடு கலந்ததுதான். மலையேற மலையேறக் காற்று மெலிகிறது. நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகிறது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் பழைய செய்தி. அதே காரணத்தால் குழலுக்குள்ளும் காற்று குறைகிறது, அயனும் குறைகிறது, மானியும் குறைத்துக் காட்டுகிறது. கடல்மட்டத்தில் 1013 ஹெக்டோபஸ்கல் இருக்கும் அழுத்தம், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 955 அளவிலும், பதுளையில் 935 அளவிலும், 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 810 அளவிலும் நிற்கும். திருத்தம் செய்யாவிட்டால் கண்டியில் 6 வீதமும் நுவரெலியாவில் 20 வீதமும் மானி பொய் சொல்லும். வெப்பநிலையும் அப்படியே: நியம வெப்பநிலையான 20 பாகையிலிருந்து மூன்று பாகை விலகினால் ஒரு வீதம் மாறும். ஆகவே அளக்கும் ஒவ்வொரு முறையும் நீரின் வெப்பநிலையையும் அறையின் அழுத்தத்தையும் குறித்து, ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும்.

அழுத்தத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சுவரிலிருந்த அழுத்தமானியைக் காட்டி, “வானிலை அறிக்கையில் இருந்து எடுக்கக்கூடாது, சேர்” என்றார். வானிலை அறிக்கையில் சொல்லப்படும் அழுத்தம் வழக்கமாகக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. அதை அப்படியே கணக்கில் போட்டால், மலையிலிருக்கும் இயந்திரம் குறைவாகக் கதிர் தருவதாகத் தோன்றும். உடனே வெளியீட்டைக் கூட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளரும் வேண்டியதைவிடக் கூடுதலாகப் பெறுவார். கற்பனை அல்ல: வெளிநாடொன்றில் உயரமான ஊரிலிருந்த வைத்தியசாலையில், விமான நிலையம் அறிவித்த கடல்மட்ட அழுத்தத்தை நம்பி அளந்ததால் நோயாளர்கள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்ற சம்பவத்தைச் சர்வதேச அணுசக்தி முகமை பதிவுசெய்திருக்கிறது. மலையகத்துக்குச் சேவை செய்யும் ஒரு பிரிவில் நான் முதலில் பார்க்க விரும்புவது அந்த அழுத்தமானியைத்தான். இந்தப் பிரிவில் அது இருக்கிறது, அதனருகில் தொங்கும் கொப்பியில் தேதிவாரியாக வாசிப்புகள் இருக்கின்றன, அந்த வாசிப்புகள் ஒன்றோடொன்று சிறிது வித்தியாசப்படுகின்றன. எல்லா நாளும் ஒரே எண் எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இயந்திரம் சரியாக இருப்பது பாதிதான். அந்த நாளில், அந்த மேசையில், அந்த மனிதருக்குச் சரியாகப் போகிறதா என்பது மற்றப் பாதி. சிகிச்சை தொடங்குவதற்கு முன் அப்பாவின் முகத்துக்கு ஒரு கவசம் செய்தார்கள். வெந்நீரில் இளகிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் அழுத்தினால், சில நிமிடங்களில் ஆறி முகத்தின் அச்சாக இறுகிவிடும். தினமும் அதை மாட்டி, மேசையோடு பூட்டி, அதன்மேல் வரைந்த கோடுகளில் லேசர் வெளிச்சத்தைப் பொருத்துவார்கள். சீ.டீ. ஸ்கேன் எடுத்துக் கணினியில் போட்ட திட்டத்தின் மொனிட்டர் யூனிட் எண்ணிக்கையை, அதைச் செய்தவரல்லாத வேறொருவர் வேறொரு கணக்கு முறையால் சரிபார்த்துக் கையொப்பமிட்டிருந்தார்.

முதல் நாளில் கவசத்தின்மேல் ஒரு சிறு டயோடை ஒட்டினார்கள். சிலிக்கனால் ஆன, பயற்றம் பருப்பளவு உணர்வான். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வெளியறைக்குப் போகிறது. கற்றை உடலுக்குள் நுழையும் இடத்தில் எவ்வளவு கதிர் விழுந்தது என்பதை அது அந்தக் கணமே சொல்லிவிடும். திட்டத்திலுள்ள எண்ணோடு 5 வீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அப்பாவுக்கு முதற் கற்றையில் 8 வீதம் குறைவாகக் காட்டியது. நான் வெளியறைக் கண்ணாடிக்கு இப்பால் நின்றேன். உள்ளே ஏதோ சரியில்லை என்பது கதவு மறுபடி திறந்ததில் தெரிந்தது. பௌதிகவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து தூரத்தை அளந்தார், திட்டத்தைப் பார்த்தார், கற்றையின் குறுக்கே வைக்கும் ஆப்பு எனப்படும் சாய்தகடு சரியானதா என்று பார்த்தார். எல்லாம் சரி. பிழை டயோடை ஒட்டிய இடத்தில். கன்னத்தின் சரிவில் கவசத்தின் வலை மேடாக இருந்த இடத்தில் அது சாய்ந்து, கற்றையின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் சற்று உள்ளே தள்ளி ஒட்டி அளந்தபோது விலகல் 2 வீதத்துக்குள் வந்தது.

இதைக் கேட்டதும் உறவினர் ஒருவர், “அப்போ வீணாத்தானே நேரம் போச்சு” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவீடு தவறாகவும் இருக்கலாம், சிகிச்சை தவறாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் “டயோட் எப்பவும் இப்படித்தான்” என்று தள்ளிவிடும் பழக்கம் ஓரிடத்தில் வேரூன்றினால், ஆப்பை வைக்க மறந்த நாளிலும் அதே வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள். ஆப்பு கற்றையின் ஒரு பங்கை விழுங்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் மொனிட்டர் யூனிட் எண்ணிக்கை போடப்படுகிறது. அது இல்லாமல் கதிர் கொடுத்தால் வாசிப்பு தாவி ஏறும். அந்தத் தாவலைப் பிடிக்க டயோடைத் தவிர வேறு காவலாளி அந்த நேரத்தில் அறைக்குள் இல்லை. எனவே முதல் நாளில் போன அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு நான் முழுப் புள்ளி கொடுக்கிறேன்.

கோபால்ட் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சிகிச்சை பெற்ற ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவர், “எனக்கு முந்தி வந்தவங்களுக்குக் கொஞ்ச நேரந்தான், எனக்குக் கூட நேரம் வைக்கிறாங்க, மெஷினுக்குச் சக்தி போயிருச்சு” என்று குறைப்பட்டுக்கொண்டார். பாதி சரி. கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 வருடம், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு வீதம் அது தேய்ந்துகொண்டே போகும். தேய்வுக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டுவதுதான் சரியான வேலை. கூட்டாமல் விட்டிருந்தால்தான் அந்த அம்மா கவலைப்பட வேண்டியிருந்திருக்கும். புதிய மூலத்தைப் போடும் நாள்தான் அதைவிட ஆபத்தானது. 1996இல் கொஸ்தா ரிக்காவின் சான் ஹொசே நகரில், புதிய கோபால்ட் மூலத்தை அளவீடு செய்தபோது 0.3 நிமிடம் என்பதை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 0.3 நிமிடம் என்பது 18 விநாடி. அந்த ஒரு தசமத் தவறால் மூலத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டு, 115 நோயாளருக்கு மிகையான கதிரைக் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் நிமிடத்தைத் தசமத்தில் எழுதும் கணக்கை நடத்தும்போது இனி இதைச் சொல்லாமல் என்னால் நடத்த முடியாது.

இனி நான் முன்னர் சொன்ன சாட்சி. நான்காவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருந்தவர்களை ஒன்பதரையாகியும் கூப்பிடவில்லை. பத்தரையாகியும் கூப்பிடவில்லை. பொகவந்தலாவையிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு வந்த ஒருவர் சத்தம் போட்டார். “மெஷின் பழுது”, “டொக்டர் வரல்ல”, “கரண்ட் இல்ல” என்று வாங்கில் மூன்று கதைகள் உலவின. பதினொன்றுக்குப் பிறகுதான் தொடங்கினார்கள். எவரும் எதுவும் சொல்லவில்லை. மாலையில் நான் போய்க் கேட்டபோதுதான் விடயம் தெரிந்தது. காலைச் சோதனையில் விலகல் 3.4 வீதம். எல்லை 3. அந்த 0.4ஐக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கலாம், தாண்டவில்லை. நீர்த்தொட்டியை எடுத்து, குழலை அமிழ்த்தி, வெப்பநிலையும் அழுத்தமும் குறித்து, முழு அளவீட்டையும் மறுபடி செய்து, இயந்திரத்தின் உள்மானி உண்மையிலேயே நகர்ந்திருப்பதை உறுதிசெய்து, அதைத் திருத்தி, திருத்தியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே முதல் நோயாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த வேலை அந்தக் காலை நேரத்தில்தான் நடந்தது; அந்த வேலை நடந்ததாலேயே அங்கிருந்த நாற்பது பேரும் அந்தப் பிரிவைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இதுதான் இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல வந்த குறை. “இன்று அளவு சரியாக இல்லை, சரிபார்க்கிறோம், பதினொரு மணியாகும்” என்று ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் பலகையில் எழுதி வைப்பதற்கு எந்த மின்மானியும் தேவையில்லை. அப்பா அன்று பஸ்ஸில் இதைக் கேட்டதும், பேச முடியாததால் என் கையைப் பிடித்து இரண்டு முறை தட்டினார். படிக்கல் மாட்டிப் பார்ப்பதற்காக நிறுவையை ஒரு மணிநேரம் நிறுத்திவைத்த காலைகள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அந்தக் காலைகளில் கணக்குப்பிள்ளை மட்டுமல்ல, வெயிலில் நின்ற பெண்களும் அவரைத்தான் ஏசினார்கள்.

ஐந்தாவது வாரத்தில் அப்பா மெலிந்துவிட்டார். வாய்ப்புண்ணால் கஞ்சியும் பாலும் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆறு கிலோ குறைந்தது. கவசம் கன்னத்தில் லொடலொடவென்று ஆடியது. அதை முதலில் கண்டவர் தினமும் கவசத்தைப் பூட்டும் இளம் ரேடியோகிராபர். கவசத்துக்கும் தோலுக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு உடனே மேலே அறிவித்தார். இது தசை போன இடத்தில் துணி தொளதொளப்பது போன்ற விடயம் மட்டுமல்ல. 6 மெகாவோல்ட் கற்றை ஒவ்வொரு சென்ரிமீற்றர் சதையைக் கடக்கும்போதும் ஏறத்தாழ 3 முதல் 4 வீதம் வலிமை இழக்கும்; சதை ஒரு சென்ரிமீற்றர் மெலிந்தால், அதே மொனிட்டர் யூனிட்டுக்கு உள்ளே இருக்கும் எலும்பும் முள்ளந்தண்டு வடமும் அத்தனை வீதம் கூடுதலாகப் பெறக்கூடும். இயந்திரம் ஒரு வீதமும் பிழையாமல் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நோயாளருக்குப் போகும் அளவு மாறிவிடலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. புதிய கவசம், புதிய சீ.டீ., புதிய திட்டம், மறுபடியும் டயோட். இதற்கு இரண்டு நாள் போனது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை நீண்டுபோவது நல்லதல்ல என்பதால், அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் ஆறு மணிநேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தடவை கொடுத்து ஈடுசெய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நகரத்திலிருக்கும் சின்னம்மா வீட்டில் தங்கினோம்.

தங்கள் அளவைத் தாங்களே சரிபார்ப்பது போதுமா என்ற கேள்வியும் அப்பாவுடையதே. தோட்டத் தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்கிறது அல்லவா? இங்கும் அப்படியொன்று உண்டு. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969இலிருந்து தபால் மூலம் ஒரு சோதனையை நடத்துகின்றன: ஒரு சிறு உறைக்குள் உணர்வான்கள் வரும், அவற்றை நீரில் வைத்து 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒஸ்திரியாவிலுள்ள ஆய்வுகூடம் அவற்றை வாசித்து, நீங்கள் 2 என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் எத்தனை என்று சொல்லும். 5 வீதத்துக்குள் இருந்தால் சரி. முன்னர் சூடாக்கினால் ஒளிரும் படிகத் தூளை அனுப்பினார்கள், 2017இலிருந்து ஒரு வகைக் கண்ணாடியை அனுப்புகிறார்கள். இந்தப் பிரிவு அதில் பங்கெடுப்பதாகப் பௌதிகவியலாளர் சொன்னார். கடைசியாக வந்த முடிவையும் காட்டினார். எல்லைக்குள் நன்றாகவே இருந்தது. நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் இத்தகைய இயந்திரங்களுக்கு உரிமம் வழங்கி மேற்பார்வை செய்யும் பேரவையும் இருக்கிறது. ஆனால் அந்த முடிவுக் கடிதம் அலுமாரிக்குள் ஒரு கோப்பில் இருந்தது. காத்திருக்கும் கூடத்துச் சுவரில் புகையிலை எதிர்ப்புச் சுவரொட்டிகள் நான்கு இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இதற்கும் இடமிருந்தது.

மொழியைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். சிகிச்சை அட்டை ஆங்கிலத்தில். வாய்மொழி அறிவுறுத்தல்கள் பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் கிடைத்தது உமிழ்நீர், பல் பராமரிப்பு பற்றிய ஒரு துண்டுப் பிரசுரம், அதுவும் மொழிபெயர்ப்பில் அடிபட்டுக் கிடந்தது. வரிசையில் பாதிப்பேர் தோட்டத்தவர்கள். பௌதிகவியலாளரும் ரேடியோகிராபர்களும் தமிழ் தெரிந்த அளவுக்கு முயன்று பேசினார்கள், கண்ணியமாகவும் பேசினார்கள்; குறை அவர்களுடையதல்ல, நிர்வாகத்துடையது. விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கே இந்த விடயங்கள் கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்தன என்றால், கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கேட்கலாம் என்பதே தெரியாது.

புள்ளி கேட்பவர்களுக்கு: அளவீட்டுக்கும் சரிபார்ப்புக்கும் ஐந்துக்கு ஐந்து. எனக்குத் தெரிந்து தனியார் இடங்களில் பணம் கட்டிப் போனவர்கள்கூட முதல் நாள் டயோட் ஒட்டியதாகச் சொல்லவில்லை. இங்கே ஒரு சதமும் வாங்காமல் செய்தார்கள். விளக்கிச் சொல்வதற்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் ஒரு தனி மனிதர் மாலையில் ஒதுக்கிய பத்து நிமிடத்துக்காக.

போக இருப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முதல் நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொண்டு போங்கள். அளந்து பார்ப்பதால் நேரமாகும். கவசம் தளர்ந்தாலோ இடுப்பில் சாரம் நழுவத் தொடங்கினாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் கவசம் பூட்டுபவரிடமே சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னர் பௌதிகவியலாளரைத் தேடிப் போகாதீர்கள். அவர் அப்போது உங்களுக்காகத்தான் அளந்துகொண்டிருப்பார். கடைசி நாளில் மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்த இடத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி ஒப்பமிட்ட தாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். பல் பிடுங்க வேண்டி வந்தாலும், நோய் திரும்பி வந்தாலும், வேறு எந்த ஊர் வைத்தியர் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அப்பாவுடைய தாளில் 60 கிரே, 30 தடவை என்று இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். முன்பு அங்கே வெற்றிலைப் பை இருந்தது.